மீன் எண்ணெய் மாத்திரை: தினம் ஒன்றா, வாரம் ஒன்றா?

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் இடம் அதுதான். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு ஆபீஸ் வேலை. மருமகள் வீட்டைக் கவனிக்கிறாள். மாமியாருக்கு வயது 60-க்கு மேல், முழங்கால் வலி.

காலைப் பலகாரம் முடிந்தது. மருமகள் கேட்கிறாள்:

"அத்தை, மாத்திரை சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேனம்மா. மஞ்சளாகப் பளபளவென்று இருக்குமே, அந்த மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று. அந்தச் சின்ன மாத்திரை ஒன்று."

மருமகள் திடுக்கிட்டாள்.

"சின்ன மாத்திரையா? அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே அத்தை!"

"சத்து மாத்திரைதானே! மீன் எண்ணெயைத் தினமும் சாப்பிடுகிறேன். இதையும் தினமும் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் என்று பத்து நாளாகச் சாப்பிடுகிறேன்."

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தத் தவறு எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. மீன் எண்ணெயும் வைட்டமின் 'டி'யும் இன்று மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தினமும் சாப்பிடுகிறார்கள். மற்றொன்றை வாரம் ஒரு முறை சாப்பிடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அளவு மீறினால் என்ன ஆகும்? வீட்டில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கால் வளைந்த குழந்தைகள்

நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கால் எலும்பு வில்போல் வளைந்திருந்தது. 'ரிக்கெட்ஸ்' என்று அந்த நோய்க்குப் பெயர். ஆலைப் புகை வானத்தை மறைத்தது. நெருக்கமான சந்துகளில் வெயில் விழவில்லை.

1890-ல் பாம் என்ற பாதிரி டாக்டர் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். வெயில் அடிக்கும் நாடுகளில் இந்த நோய் அரிது. வெயில் இல்லாத நகரங்களில்தான் அதிகம் என்றார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பிறகு மெல்லன்பி என்ற ஆங்கில விஞ்ஞானி நாய்க்குட்டிகளை வைத்துச் சோதனை செய்தார். வெயில் படாமல் வளர்ந்த குட்டிகளுக்கு எலும்பு வளைந்தது. 'காட்' என்ற கடல் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்ததும் நோய் தீர்ந்தது! இது 1919-ல் வெளிவந்த செய்தி.

எண்ணெயில் இருந்த சத்து எது? 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி மெக்கோலம் விடை கண்டார். ஏ, பி, சி என்று மூன்று வைட்டமின்களுக்குப் பெயர் இருந்தது. இது நான்காவது. ஆகவே 'டி' என்று பெயர் வைத்தார்.

கோழிக்கோட்டுச் சுறா எண்ணெய்

அதன் பிறகு காட் மீன் எண்ணெய் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டுக்கும் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் குடித்த குழந்தைகள் எத்தனையோ பேர்!

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டு எண்ணெய் வருவது தடைப்பட்டது. அப்போது கோழிக்கோடு சென்னை ராஜதானியில் சேர்ந்திருந்தது. அங்கே சர்க்கார் மீன் இலாகா, நம் கடலில் கிடைக்கும் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தது. ஆஸ்பத்திரிகளுக்கு அது கை கொடுத்தது.

ஈரல் எண்ணெய் வேறு. மீன் எண்ணெய் வேறு

இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்து எண்ணெய் மீனின் ஈரலிலிருந்து எடுத்தது. அதில் 'ஏ' வைட்டமினும் 'டி' வைட்டமினும் உண்டு. இன்று 'ஒமேகா-3' என்று விற்கும் மஞ்சள் மாத்திரையில் இருப்பது மீனின் உடம்புக் கொழுப்பு. அதில் வைட்டமின் மிகவும் குறைவு. மீன் எண்ணெய் சாப்பிட்டால் வைட்டமின் 'டி' தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு.

ஈரல் எண்ணெயில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ஏ' வைட்டமின் அளவு மீறினால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கெடுதல் வரலாம். ஆகவே கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஈரல் எண்ணெயைத் தொடக் கூடாது.

ஒமேகா-3 இருதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1970-களில் எழுந்தது. கிரீன்லாந்தில் மீனும் கடல் பிராணிகளும் தின்று வாழும் எஸ்கிமோ மக்களுக்கு மாரடைப்பு குறைவு என்று டென்மார்க் டாக்டர்கள் எழுதினார்கள். அதிலிருந்து மாத்திரை வியாபாரம் வளர்ந்தது.

மாத்திரை எல்லாருக்கும் பலன் தருகிறதா? அமெரிக்காவில் சுமார் 26,000 பேரிடம் ஐந்து ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். தினம் 1 கிராம் மீன் எண்ணெயும் 2,000 யூனிட் வைட்டமின் 'டி'யும் கொடுத்துப் பார்த்த சோதனை அது. 2018-ல் முடிவு வந்தது. ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குப் புற்றுநோயோ, மாரடைப்பு போன்ற பெரிய இருதய நோய்களோ மொத்தத்தில் குறையவில்லை! 2022-ல் மற்றொரு முடிவு வந்தது. வைட்டமின் 'டி' சாப்பிட்டதால் அவர்களுக்கு எலும்பு முறிவும் குறையவில்லை.

அப்படியானால் மாத்திரை வீணா? அப்படியும் இல்லை. குறை உள்ளவர்களுக்கு அது மருந்து. குறை இல்லாதவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை. அவ்வளவுதான்.

வெயில் ஊரில் குறை எப்படி?

"திருவண்ணாமலையில் இல்லாத வெயிலா!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இதற்கு விடை இன்னொரு கோயில் ஊரிலிருந்து கிடைத்திருக்கிறது. திருப்பதியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் டாக்டர்கள் ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. வயலில் உழைப்பவர்களின் நிலை நகரவாசிகளைவிட மேலாக இருந்தது. ஆனாலும் இரு சாராரிடமும் குறை காணப்பட்டது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தது.

வெயில் தோலில் பட்டால்தான் உடம்பு இந்தச் சத்தைத் தயாரிக்கும். ஆபீசில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதாது. அதற்கு வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். உடம்பு முழுவதும் துணியால் மூடியிருந்தாலும் பயன் குறைவு. கறுத்த தோலுக்கு வெயிலில் கூடுதல் நேரம் வேண்டும்.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் 14 கிலோ மீட்டர் கிரிவலம் வருகிறார்கள். நடை உடம்புக்கு நல்லது. ஆனால் நிலா வெளிச்சத்தில் வைட்டமின் 'டி' கிடைக்காது!

எந்த நேரத்து வெயில் நல்லது? காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்று திருப்பதியில் செய்த சோதனை கூறுகிறது. முகம், கை, கால்களில் கொஞ்ச நேரம் பட்டால் போதும். தோல் சுடும்வரை நிற்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் முதியவர்களும் நோயாளிகளும் இதைப் பரீட்சை செய்து பார்க்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நமது குன்னூரில் தொடங்கியது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் வைட்டமின் 'டி' போதும் என்பது இந்த நிறுவனம் 2020-ல் கூறிய அளவு.

வாரம் ஒரு முறை என்று டாக்டர் எழுதும் சின்ன மாத்திரையில் இருப்பது 60,000 யூனிட்!

அதாவது ஒரே மாத்திரையில் 100 நாள் தேவை அடங்கியிருக்கிறது. ரத்தத்தில் மிகவும் குறைந்துபோனவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் கொடுக்கும் மருந்து அது. மாமியார் பத்து நாளில் சாப்பிட்டது 6 லட்சம் யூனிட். தினமும் ஒன்று என்று ஒரு மாதம் சாப்பிட்டால் 18 லட்சம்!

'பி', 'சி' போன்ற சத்துக்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். 'டி' அப்படிப் போகாது. கொழுப்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். பசி இராது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் வரும். புத்தி தடுமாறும். சிறுநீரகம் கெடும். காஷ்மீரில் இப்படி நோயுற்றவர்களைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் 2011-ல் எழுதியிருக்கிறார்கள். குணமாக வேண்டும் என்று சாப்பிட்ட சத்தே அவர்களைப் படுக்கையில் தள்ளியது.

குழந்தைகளுக்கும் இதே கவனம் வேண்டும். கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் கொடுக்கச் சொல்வார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 400 யூனிட் உள்ளதும் உண்டு. 800 யூனிட் உள்ளதும் உண்டு. புதுப் புட்டி வாங்கும்போதெல்லாம் எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மீன் எண்ணெயிலும் கவனம் தேவை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே இதைச் சாப்பிட வேண்டும்.

அடுப்படியில் இருக்கும் மருந்து

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிந்த ஒமேகா-3. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும். சாத்தனூர் அணை மீன் நல்ல உணவுதான். ஆனால் ஒமேகா-3 கடல் மத்தியில்தான் அதிகம். சைவர்களுக்கு ஆளி விதை உண்டு. பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3 மாத்திரையும் கிடைக்கிறது.

எலும்புக்கு 'டி' மட்டும் போதாது. அது கொத்தனார் மாதிரி. கல்லும் மண்ணும் இல்லாமல் கொத்தனார் சுவர் எழுப்ப முடியுமா? அந்தக் கல்லும் மண்ணும்தான் சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகில் அது சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக் கீரை, எள், பால், மோர் எல்லாவற்றிலும் உண்டு. களியும் கீரையும் நம் வடாற்காட்டுப் பக்கத்துக்குப் புதிதா என்ன?

மாமியார் என்ன ஆனார்?

மருமகள் கோபிக்கவில்லை. "நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தானே அத்தை! இதைப் படியுங்கள்" என்று மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தாள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அறுபது... ஆயிரம்! அம்மாடி!"

அன்றே மகன் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுத் தாயாரை டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்தார். நல்ல வேளை, கெடுதல் ஒன்றும் நேரவில்லை. "நிறையத் தண்ணீர் குடியுங்கள். நான் சொல்லும் வரை இதைத் தொட வேண்டாம்" என்று அனுப்பிவைத்தார்.

கற்பனை வீடு ஆனபடியால் கதை நல்லபடியாக முடிந்தது. நிஜ வீட்டில் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த மாத்திரை யாருக்கு, எத்தனை யூனிட், தினம் ஒன்றா, வாரம் ஒன்றா என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரம் ஒரு மாத்திரை என்றால், காலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

பத்து நிமிஷ வேலைதான். பெரியவர் ஒருவரின் சிறுநீரகம் அதனால் பிழைக்கலாம்.