வலைச் செயலி உறைதல்

வலைச் செயலி உறைதல் என்பது, வழங்கியில் இயங்கும் வலைச் செயலி ஒன்று நின்றுவிடாமலும் வழுச்செய்தி எதனையும் பதியாமலும், பயனர்களின் கோரிக்கைகளுக்கு மறுமொழி தராதிருக்கும் நிலை ஆகும். வணிகமும் அரசுச் சேவைகளும் வலைச் செயலிகளைச் சார்ந்திருப்பதால் இதன் விளைவு கணினிக்கு வெளியிலும் உணரப்படும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இணையவழிப் பெறும் இ-வே பில் பொதுவாகத் தேவை. 2018 பெப்ரவரி 1 அன்று தொடங்கப்பட்ட இம்முறை, தொழில்நுட்பச் சிக்கல்களால் அன்றே ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வழு பதியப்படாமை

வழு நிகழ்ந்தால் பதியுமாறே நிரல்கள் எழுதப்படுகின்றன. காத்திருத்தல் வழு அன்று. எனவே காத்திருக்கும் நிரலுக்குப் பதிவதற்கு ஏதுமில்லை. அப்பாச்சி வழங்கியின் அணுகல் பதிவிலும் கோரிக்கை நிறைவுற்ற பின்னரே வரி எழுதப்படுவதால், சிக்கிய கோரிக்கை அங்கும் தென்படாது.

திருப்பூரை அடுத்த அருள்புரத்தின் சாயப்பட்டறைகளை இதற்கு ஒப்பிடலாம். பல பட்டறைகளின் கழிவுநீர் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கிறது. அந்நிலையம் கழிவுநீரை ஏற்க இயலாதபோது, இயந்திரங்கள் பழுதின்றி இருந்தும் சாயமிடும் வேலை நின்றுவிடும். பட்டறையை மட்டும் சோதிப்பவருக்குக் காரணம் புலப்படாது.

காரணங்கள்

* இழைகள் தீர்தல்: டாம்கேட் வழங்கியில் இயல்பாக 200 இழைகள் வரை இயங்கும். அனைத்தும் மறுமொழி தராத வெளிச்சேவை ஒன்றுக்காகக் காத்திருந்தால், 201ஆவது கோரிக்கை வரிசையில் நிற்கும்.
* இணைப்புகள் தீர்தல்: தரவுத்தள இணைப்பைப் பெற்ற நிரல் அதனைத் திருப்பித் தராமை.
* முட்டுநிலை: இரு இழைகள் ஒன்றிடம் உள்ள பூட்டுக்காக மற்றொன்று காத்திருத்தல். இதற்குரிய நான்கு நிபந்தனைகளை காஃப்மன் முதலியோர் 1971இல் விளக்கினர். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி பொறி தன்னுள் ஏற்படும் முட்டுநிலையைத் தானே கண்டறிந்து வழுவாக அறிவிக்கும். நிரலின் உள்ளே ஏற்படுவது பெரும்பாலும் அறிவிக்கப்படாது.
* முடிவிலாச் சுழல்: நிரல் ஒரே கட்டளைத் தொகுதியை ஓயாது செய்தல்.

கண்டறிதல்

முதலில் மையச் செயலகத்தின் சுமை நோக்கப்படும். சுமை மிகுந்திருப்பின் சுழலும், குறைந்திருப்பின் காத்திருத்தலும் காரணமாகலாம். பின்னர் ஒவ்வோர் இழையும் எவ்வரியில் நிற்கிறது என்பது பார்க்கப்படும். ஜாவா நிரல்களுக்கு ஜேஸ்டாக் என்னும் கருவி இதற்குப் பயன்படுகிறது. சில நொடி இடைவெளியில் மும்முறை எடுத்து ஒப்பிட்டால், நகராத இழைகள் வெளிப்படும். தரவுத்தளத்தில் நிலுவையிலுள்ள வினவல்களும் பூட்டுகளும் உடன் ஆராயப்படும்.

வழங்கியை மறுதொடக்கம் செய்தால் சேவை மீளும்; ஆயினும் நினைவகத்தில் உள்ள இச்சான்றுகள் அழிந்துவிடும். எனவே மறுதொடக்கத்திற்கு முன்பே அவற்றைச் சேமிப்பது இன்றியமையாதது.

தடுத்தல்

ஒவ்வொரு காத்திருத்தலுக்கும் காலவரம்பு விதிப்பது முதன்மையான வழியாகும். பைத்தான் மொழியின் ரிக்குவெஸ்ட்ஸ் நிரலகம் போன்றவற்றில் காலவரம்பு இயல்பாக இராது. நிரலரே அதனை இடவேண்டும். வரம்பு கடந்ததும் காத்திருத்தல் வழுவாக மாறுவதால், அது பதிவுக் கோப்பில் இடம்பெறும்.