கல்லை எடுக்காதீங்க... தேனீ வீடு அது!

குட்டீஸ்... தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ, உயரமான ஆலமரக் கிளையிலோ கறுப்பாக ஒரு சாக்குப்பை தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் நின்றே கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அதன் மேல் அலை அடிப்பது போல ஒரு நெளிவு ஓடும். அது சாக்குப்பை இல்லை, மலைத்தேனீக்களின் கூடு!

கூட்டைப் பார்த்ததும் அலறி ஓடுபவர்களும் உண்டு. குறி பார்த்துக் கல் எறிபவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். அது எந்தத் தேனீ என்று முதலில் தெரிந்து கொள்வோமா?

நாலு வகைத் தேனீக்கள்

* மலைத்தேனீ: நாலில் இதுதான் பெரியது. உயரமான இடத்தில், ஒரே ஓர் அடையைக் கட்டும். அந்த அடை ஒரு மீட்டர் அகலம் கூட இருக்கும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் போர்வை போல அதை மூடியிருக்கும். கோபம் வந்தால் கூட்டமாகத் துரத்தும். அதனால், இதனிடம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

* கொம்புத்தேனீ: வேலி, புதர்களில் உள்ள சிறு குச்சியில், உள்ளங்கை அளவில் அடை கட்டும்.

* அடுக்குத்தேனீ: மரப்பொந்து, சுவர் இடுக்கு போன்ற இருட்டான இடங்களில் அடுக்கடுக்காகப் பல அடைகள் கட்டும். இதைப் பெட்டியில் வைத்தும் வளர்ப்பார்கள்.

* கொசுத்தேனீ: பெயருக்கு ஏற்ற குட்டித் தேனீ. பழைய சுவர் ஓட்டையில், மெழுகும் பிசினும் கலந்து சின்னக் குழாய் போல வாசல் வைக்கும். இது கொட்டவே கொட்டாது!

வீடு மாறும் கூட்டம்

நேற்று வரை ஒன்றுமே இல்லாத முருங்கைக் கிளையில், இன்று தேனீக்கள் கொத்தாகத் தொங்கும். அங்கே அடை எதுவும் இருக்காது. கூட்டில் கூட்டம் அதிகமாகிவிட்டால், பழைய ராணித் தேனீ பாதிப் பேரை அழைத்துக் கொண்டு கிளம்பிவிடும். பழைய வீடு புது ராணிக்கு!

வழியில் இளைப்பாறும்போது, வேவுத் தேனீக்கள் பறந்து போய் புது இடம் தேடும். திரும்பி வந்து, நடனமாடியே திசையையும் தூரத்தையும் சொல்லும். தேனீக்களின் இந்த நடன மொழியைப் புரிந்து சொன்ன விஞ்ஞானி கார்ல் வான் பிரிஷ், 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பயணக் கூட்டத்துக்குக் காப்பாற்ற அடையோ, குஞ்சுகளோ இல்லை. சீண்டாவிட்டால், பெரும்பாலும் கொட்டாது. சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ தானாகவே போய்விடும்.

ஏன் கொட்டுகிறது?

தேனீயின் கொடுக்கில் முள் போன்ற பற்கள் உண்டு. நம் தோலில் அது சிக்கிப் பிய்ந்துவிடும், தேனீ இறந்துவிடும். உயிரைக் கொடுத்துத்தான் அது தன் வீட்டைக் காக்கிறது! கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ மணம் போன்ற ஒரு வாசனை கிளம்பும். "ஆபத்து... வாங்க!' என்று மற்ற தேனீக்களை அழைக்கும் வாசனை அது.

கல் எறிந்தவன் ஓடிவிடுவான். மாட்டிக் கொள்வது, பின்னால் மெதுவாக நடந்து வரும் பாட்டியும், மரத்தடியில் கட்டிக் கிடக்கும் மாடும்தான்.

துரத்தினால் என்ன செய்வது?

* கையை வீசி அடிக்காதீர்கள். முகத்தை மூடிக் கொண்டு, அருகிலுள்ள வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள்.

* குளத்தில் குதிக்க வேண்டாம். தலையைத் தூக்கும் வரை தேனீக்கள் மேலேயே சுற்றும்.

* தோலில் தைத்த கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* நிறைய தேனீக்கள் கொட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பள்ளியிலோ, வீட்டருகிலோ கூடு இருந்தால், பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடமென்றால், விவரம் தெரிந்தவர்களை அழைத்து அவர்கள் அகற்றுவார்கள். மற்ற இடங்களில் தீ வைக்கத் தேவையே இல்லை. மலைத்தேனீக்கள் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடும். அடுத்த ஆண்டு அதே மரத்துக்கே திரும்பி வருவதும் உண்டு.

சூரியகாந்தி, எள், பூசணி எல்லாம் நன்றாகக் காய்ப்பதற்கு இந்த விருந்தாளிகள் பூப்பூவாகப் போய் வர வேண்டும். எனவே, அடுத்த முறை தேன்கூட்டைப் பார்த்தால், தள்ளி நின்று எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். கல் எடுக்கும் நண்பனின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். செய்வீர்கள்தானே?