மரக்காலும் உலையும்: விவிலியத் தமிழில் மனைப்பொருள்கள்

மனையில் நாள்தோறும் கையாளும் பொருள்களின் வாயிலாக இறையுண்மையை எண்ணும் மரபு, கிறித்தவத்திற்கு அதன் தொடக்கத்திலேயே வாய்த்தது. இயேசுவின் உவமைகளில் விளக்கும், வீடு பெருக்கிக் காசு தேடும் பெண்ணும், புளித்த மாவும் வருதல் காண்கின்றோம். அவை தமிழில் புகுந்தபோது தமிழ் மனையின் பெயர்களைத் தாங்கின. பெயர் மாறவே கருத்தும் சிறிது மாறிற்று. அம்மாற்றமே ஈண்டு ஆராயப்படுவது.

1871இல் வெளிவந்த விவிலியத் திருத்தமொழிபெயர்ப்பில் விளக்கை மூடும் கலம் 'மரக்கால்' எனப்படுகின்றது. மூலச்சொல்லும் தானிய அளவையே ஆகலின் இதனால் இழப்பொன்றும் இல்லை. 'சுளகு' அத்தகையதன்று. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் சாத்தான் சீடரைச் சோதிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சல்லடையில் சலித்தலைச் சுட்டுவது. தமிழிலோ சுளகினால் புடைத்தல் ஆயிற்று. புடைக்குங்கால் பதர் முன்னே பறக்கும். மணி பின்னே ஒதுங்கித் தங்கும். சோதனைக்குப் பின் எஞ்சுவது ஒன்றுண்டு என்னும் உறுதி தமிழில் கூடுதலாகவே புலனாகின்றது. இந்நயம் அகராதி கொண்டு அறியப்படுவதன்று. புடைக்கும் கையை அருகிருந்து கண்டோர்க்கே விளங்கும்.

படியின் செய்தி வேறு. மத்தேயு 13ஆம் அதிகாரத்துப் பெண் புளிப்பை அடக்கிவைப்பது 'மூன்றுபடி' மாவில் என்கின்றது தமிழ். மூலத்தின் மூன்று அளவையோ ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும். நூறு பேருக்குமேல் உண்ணப் போதும். மூன்று படி சில லிட்டரே. ஊர்விருந்து ஒரு குடும்பத்தின் அடுக்களையாகச் சுருங்கிவிட்டது. தமிழ்க் கிறித்தவச் சிந்தனை தன்மனைப் பத்தியாக ஒடுங்கியமைக்கு இதுவே காரணம் எனல் மிகையாம்; எனினும் கருதத்தக்கது.

இனி உலைக்கு வருவோம். பெருந்தலைச் சாத்தனார் புறநானூற்றின் 164ஆம் பாட்டில் காளான் பூத்த அடுப்பைக் காட்டி வறுமையை உணர்த்துவர். அடுப்பு வறுமையை மட்டுமன்றி வேற்றுமையையும் காட்டும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்குலத்தாரை அணுகும் பொருட்டு, அங்கு முன்னரே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டசினின்று பிரிந்து வாழ்ந்தார். அந்தணர் சமைத்த மரக்கறி உணவையே உண்டார். உலை இரண்டாயிற்று.

கோச்சடையை அடுத்த அரசரடியில் 1969 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இதனை நேர்நின்று எதிர்த்தார். 'பரட்டை' என்னும் புனைபெயரில் நாட்டுப்புற இசையால் இறையியல் கூறிய இவர், ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணலைத் தம் கொள்கையின் நடுவே வைத்தார். (பேச்சுவழக்கில் 'ஒலை' எனப்படும் இதனை 'ஓலை' என மயங்கலாகாது.) சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவர் பணியை விரிவாக ஆராய்கின்றது.

விளக்கை அவரவர் தம் மனையில் ஏற்றித் தியானிக்கலாம். உலையை அங்ஙனம் தியானித்தல் இயலாது. பிற தெருவினள் கொணரும் அரிசியை இதில் இடலாமோ என்னும் வினா உடனே எழும். அப்பாவு மூலத்து மாவின் அளவைக் கருதினார் என்பது என் கூற்றன்று. ஆயினும் மூன்று படியாய்க் குறைந்தது அவர் உலையில் மீண்டும் ஊரளவு ஆயிற்று. மதுரை வட்டாரத் திருச்சபைப் பாடல்களில் உலை, அடுப்பு, சுளகு என்னும் சொற்கள் எவ்வெவ்விடத்து என்னென்ன பொருளில் வருகின்றன என்பது ஆய்வு மாணவர் திரட்டுதற்குரியது.