சிலப்பதிகாரக் கனவுகள்: கோவையும் சிதறலும்

முன்னுரை

கனவு ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டதா, தற்செயலாகத் தோன்றும் காட்சிகளின் தொகுதியா என்னும் வினா உளவியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி ஆகிய மூவரும் மதுரையில் நிகழவிருக்கும் தீங்கைக் கனவில் காண்கின்றனர். முன்னுணர்த்தப்படும் தீங்கு ஒன்றாயினும் கனவுரைகளின் தொடரமைப்பு வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டின்வழி மேற்கண்ட வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு கொள்கைகள்

1900 என ஆண்டிட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' என்னும் நூலில் சிக்மண்ட் பிராய்டு, கனவு மறைபொருள் உடையது என்றார். எனினும், அதன் வெளித்தோற்றத்திலுள்ள ஒழுங்கு 'இரண்டாம் நிலைத் திருத்தம்' என்னும் உளச்செயலால் விளைவது என்றும் கருதினார். ஆலன் ஹாப்சன், ராபர்ட் மெக்கார்லி ஆகியோர் 1977இல் முன்வைத்த கொள்கையோ, உறக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து எழும் குறிகளை முன்மூளை கோவைப்படுத்துவதே கனவு என்கிறது. மறைபொருள் குறித்து இவை முரண்படினும், கோவை என்பது கனவின் மூலப்பொருளில் இல்லை. அதன்மேல் சேர்க்கப்படுவது என்பதில் நெருங்குகின்றன.

மூன்று கனவுரைகள்

கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகியின் உரை காரண காரிய முறையில் செல்கிறது. ஊரடைதல், பொருந்தாப் பழி, கோவலனுக்குற்ற தீங்கு, அதனைக் கேட்டு அரசன்முன் வழக்குரைத்தல், அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த கேடு என ஒன்று மற்றொன்றிற்கு வழிவிடுகிறது. ஒரு தொடரின் வினையையே அடுத்த தொடர் பெயரெச்சமாக ஏற்றுத் தொடங்குவதும் அக்கோவையை வலுப்படுத்துகிறது.

அடைக்கலக் காதையில் கோவலன், ஆடை பறிக்கப்பட்டுக் கோட்டுமா ஊர்ந்ததையும், பற்றறுத்தோர் நிலையைக் கண்ணகியோடு எய்தியதையும், மாதவி மணிமேகலையை அறவோன்முன் அளித்ததையும் கூறுகிறான். செயவென் எச்சங்கள் எண்ணும்மை பெற்று அடுக்கி வருகின்றன. காட்சிகளுக்கிடையே காரணத் தொடர்பு சொல்லப்படவில்லை.

வழக்குரை காதையில் தேவி கண்டவை செங்கோலும் குடையும் வீழ்தல், வாயில்மணி நடுங்குதல், கதிரை இருள் விழுங்குதல், இரவில் வானவில், பகலில் மீன் வீழ்தல் முதலிய உற்பாதங்கள். காண்டல் வினை மீண்டும் மீண்டும் வருவதே அவற்றை இணைக்கும் ஒரே இழை.

சூழலும் கோவையும்

கணவனைப் பெறுவாய் என வாழ்த்திய தேவந்திக்கு, தன் நெஞ்சின் ஐயத்திற்குக் காரணமாகவே கண்ணகி கனவை எடுத்துரைக்கிறாள். மறுமொழியாக அமையும் உரைக்குக் கோவை தேவைப்படுகிறது. தேவியோ வரவிருக்கும் துன்பத்தை அரசனுக்கு அறிவிக்க விரைபவள். அவளுக்குக் குறிகளின் மிகுதியே போதுமானது. கோவலன் கனவு, முன்வினைப் பயனோ என வினவிய மாடலனுக்கு உரைத்தது. அது விளக்கம் தரவில்லை, விளைவு விரைந்து வரும் என்று மட்டும் முடிகிறது.

முடிவுரை

காப்பியம் காட்டுவன கனவுகள் அல்ல, கனவுரைகள். உளவியலாருக்கும் கனவு பெரும்பாலும் உரைவழியே கிட்டுகிறது. ஆகவே, ஒரு கனவைக் கோவையுடையது என்றோ சிதறியது என்றோ துணியுமுன், அது யாரிடம், எதன்பொருட்டு உரைக்கப்பட்டது என்பதை ஆராய்தல் இன்றியமையாதது. மூன்றனுள் மிகத் தெளிந்த கோவையுடைய கண்ணகியின் கனவையும் தேவந்தி முற்பிறப்பு வினையோடு இயைத்தே விளக்கினாள். கோவை தெளிவாயிருத்தல் வேறு, அதன் பொருள் கேட்போரைச் சென்றடைதல் வேறு என்பதும் இதனால் பெறப்படுகிறது.