மிதந்த கல்லின் ரகசியம்: நூல் போல ஒரு குழல்!

"கல் மிதக்குமா?" என்று திருப்பாதிரிப்புலியூரில் கேட்டால், "மிதந்ததே!" என்று பதில் வரும். அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள், கல்லே தெப்பமாயிற்று, அவர் இந்த ஊரில் கரை ஏறினார் என்பது பக்தர்கள் போற்றும் வரலாறு. அருகிலுள்ள கரையேறவிட்டகுப்பம் என்ற ஊரின் பெயரே அதைச் சொல்லுகிறது.

அது அருளால் மிதந்த கல். ஒரு காலத்தில் கடலில் மிதந்து, பிறகு கல்லாகிப்போன பொருள் ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. அதன் பெயர் அம்மோனைட். ஆட்டுக் கொம்பு போல் சுருண்டிருக்கும் சங்கு அது.

கடல் இருந்த இடம்

விருத்தாசலம், அரியலூர், புதுச்சேரி வட்டாரங்களில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் புகுந்திருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் சேற்றில் புதைந்து கல்லாயின.

சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த கே என்பவரும், அவருடைய நண்பர் கன்லிஃப் என்பவரும் இவற்றைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டு போனார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். அதில் புதுச்சேரி, திருச்சியோடு விருத்தாசலத்தின் பெயரும் இடம்பெற்றது.

சில வீடுகளில் சாளக்கிராமம் வைத்துப் பூசை செய்கிறார்கள் அல்லவா? நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கற்கள் பலவற்றில் தெரியும் சக்கரமும் அம்மோனைட்டின் சுருள்தான்.

அறைக்கு மேல் அறை

சாதாரணச் சங்குக்குள் தடுப்பு கிடையாது. அம்மோனைட் ஓடு அப்படியல்ல. உள்ளே வரிசையாகப் பல அறைகள். கடைசி அறையில்தான் பிராணி குடியிருக்கும். உடல் வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக் கொள்ளும். பழைய இடம் காலி அறையாகிவிடும்.

எல்லா அறைகளையும் ஊடுருவிக்கொண்டு ஒரு மெல்லிய குழல் ஓடுகிறது. அதற்குச் 'சைபங்கிள்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'சிறு குழாய்' என்று பொருள்.

அம்மோனைட் இனம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பூண்டோடு அழிந்தது. ஆனால் அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் இந்து மாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும் இன்றும் வாழ்கிறது. அந்தக் குழலின் வேலையை நாட்டிலஸைப் பார்த்தே விஞ்ஞானிகள் அறிந்தார்கள்.

மாங்காய் ஊறுகாய் சொல்லும் பாடம்

குழல் வழியாகக் காற்றை ஊதி அறையை நிரப்புகிறது என்றுதான் முன்பு பலர் நினைத்தார்கள். அது சரியல்ல. இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டென்டன், கில்பின்-பிரவுன் என்ற இருவர் 1966-ல் உண்மையை விளக்கினார்கள்.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் என்ன ஆகிறது? மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் இழுக்கப்படுகிறது. நாட்டிலஸும் இதையேதான் செய்கிறது!

புதிய அறையில் முதலில் உப்புநீர் நிறைந்திருக்கும். குழலுக்குள் இருக்கும் உயிருள்ள திசு, அந்த நீரிலுள்ள உப்பை இழுத்துத் தன்னிடம் சேர்க்கிறது. உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் போகிறது. அறை காலியான பிறகு, கொஞ்சம் வாயு மெல்லக் கசிந்து வந்து சேருகிறது. அறை லேசாகிறது. கனமான ஓட்டைச் சுமந்துகொண்டே பிராணி மூழ்காமல் நீந்துகிறது. அம்மோனைட்டும் இப்படித்தான் நீந்தியிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

அவசரம் உதவாது

இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஓர் அறை முடியப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். சுமார் 30 அறைகள் கட்டி முடித்துப் பருவம் அடைய நாட்டிலஸுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். இடும் முட்டைகளும் சிலவே. அவை பொரிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும்.

ஆனால் மனிதன் அவசரக்காரன்! மேசை அலங்காரத்துக்கும் நகைக்கும் ஓடு வேண்டும் என்று சில நாடுகளில் இவற்றை வாரிப் பிடித்தார்கள். அதனால் 2016-ல் உலக நாடுகள் கூடி நாட்டிலஸ் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. இந்தியாவில் 2001-லேயே அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஓடு அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லை உற்றுப் பாருங்கள்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. அதோடு பழைய கடலின் சாட்சிகளும் உடைபடுகின்றன. தப்பியவற்றில் சிலவற்றை அரியலூரை அடுத்த வாரணவாசியிலுள்ள அரசுப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் காணலாம். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

குறுக்கே வெட்டிய அம்மோனைட் கிடைத்தால், சுருளின் வெளி ஓரத்தைக் கவனியுங்கள். நாட்டிலஸில் நடுவே ஓடும் குழல், பெரும்பாலான அம்மோனைட்டுகளில் அந்த ஓரத்தில்தான் ஓடும். சில கற்களில் அது சிறு புள்ளியாகத் தெரியும்.

ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளாக ஓடுகளை மிதக்கவைத்த குழல், அந்தச் சிறு புள்ளிதான்!