தொட்டால் வீழும் வித்தை

கையில் வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. எதிரியோ மலைபோல் நிற்கிறான். கதாநாயகன் அவனருகே சென்று, கழுத்தும் தோளும் கூடுமிடத்தில் விரல்களை வைத்து ஓர் அமுக்கு அமுக்குகிறான். அவ்வளவுதான்! நின்றவன் வெட்டுண்ட வாழைபோல் சாய்கிறான். இரத்தமில்லை, கூக்குரலில்லை. கதைக்கு வேண்டிய மட்டும் உறங்கிவிட்டு, வேண்டியபோது தலையைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பான்.

இந்தக் காட்சியை உலகமெங்கும் பிரசித்தமாக்கியது 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளிக் கதை. அதில் ஸ்பாக் என்பவர் வல்கன் என்ற வேற்றுக் கிரகத்தார். கோபதாபங்களை அடக்கி, அறிவின் வழியே நடப்பவர். ஒரு கட்டத்தில் அவர் எதிராளியின் மண்டையில் ஆயுதத்தின் பின்புறத்தால் அடிக்க வேண்டுமென்று கதையில் எழுதியிருந்தார்கள். அந்தப் பாத்திரத்தை ஏற்ற லியோனார்ட் நிமாய்க்கு அது பிடிக்கவில்லை. சாந்த சீலரான ஒருவர் சாராயக்கடைச் சண்டைக்காரர்போல் மண்டையை உடைப்பதாவது! அவர் யோசித்துச் சொன்ன மாற்றுத்தான் அந்த விரல் பிடி. ஆகவே, அந்தப் பிடி பிறந்ததே இம்சைக்கு அஞ்சிய ஒரு நடிகரின் மனத்தில் என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டில் இதே வித்தைக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. வர்மக்கலை என்றால் சிறு பிள்ளையும் அறியும். 1996-ல் ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' படத்தில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த கிழவர் சேனாபதி, விரல்களைக் கொக்கிபோல் மடக்கி லஞ்சக்காரர்களை மடக்கியதை யார் மறப்பார்கள்? கமல ஹாஸன் ஏற்ற அந்தப் பாத்திரம் 2024-ல் மறுபடியும் திரைக்கு வந்தது. இடையே 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் வில்லன் தொடுவதுகூட இல்லை; பார்த்தாலே போதும், தெருவில் போகிறவன் அவன் ஏவலாளாகிவிடுகிறான். நோக்கு வர்மமாம்! போதிதர்மர் தென்னாட்டிலிருந்து சீனம் சென்றார் என்பது நெடுநாளைய மரபு. பார்வையால் மனிதரைப் பொம்மையாக்கும் வித்தை என்பது படக் கொட்டகையின் மரபு.

உண்மையான வர்மம் எங்கே இருக்கிறது? கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆசான்மார்களின் வைத்தியசாலைகளில் இருக்கிறது. அந்தப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. அங்கே வழங்கும் வர்ம நூல்களை அகஸ்தியர் முதலிய சித்தர்களின் பெயரால் போற்றுகிறார்கள். உடலில் வர்ம இடங்கள் 108 என்பது பெருவழக்கு. அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். சுசுருதரின் வடமொழி நூல் கூறும் மர்ம ஸ்தானங்கள் 107. நமது ஸ்பாக் பிடிக்கும் அதே பகுதியில் காக்கட்டைக் காலம் என்று ஓர் இடத்தை ஆசான்கள் குறிப்பிடுவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஆனால், தோள்வலி என்று வருகிறவருக்கு அவர்கள் அங்கே விரல் வைப்பது வலி தீர்க்கத்தான்.

இந்தக் கலையின் பெரும்பகுதி அடிக்கும் பகுதியே அன்று. ஓரிடத்தில் அடிபட்டால் என்ன குறி தோன்றும், எத்தனை நாழிகைக்குள் எப்படி இளக்க வேண்டும், எந்த அடங்கலைத் தட்டினால் மூர்ச்சை தெளியும், பின்னர் என்ன தைலம், என்ன கஷாயம் - இவையே ஏடுகளில் பக்கம் பக்கமாய் நிற்கின்றன. பனையிலிருந்து விழுந்தவனையும் மாடு முட்டியவனையும் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஆசான் வாசலுக்குத்தான் ஓடுவார்கள். இளக்கத் தெரியாதவனுக்கு அடிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது மரபு. நமது படக்காரர்கள் இந்தப் பாதியைக் கத்தரித்துவிட்டு, மற்றப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எழுப்புகிற காட்சிக்கு யார் கைதட்டப் போகிறார்கள்!

கத்தரித்ததன் பலனை எங்கள் ஊரிலேயே காணலாம். விருதுநகரை அடுத்த இந்தச் சூலக்கரையில், இடைவேளை மணி அடித்ததும் எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒருவன் தோளை ஒருவன் பிடித்து அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "மயங்கணும்ல சார்? இவன் சிரிக்கான்!" என்று ஒருவன் என்னிடமே முறையிட்டான். சிரித்தவரைக்கும் க்ஷேமம். அவன் பிடித்தது தோள் தசையை. அந்த வழியே போகும் நரம்புக் கற்றை கைக்குச் செல்வது. அதை எவ்வளவு அழுத்தினாலும் கை மரத்துப் போகலாம், வலிக்கலாம். அறிவை அணைக்கும் விசை எதுவும் அங்கே கிடையாது.

ஆனால் விரல்கள் சற்று மேலே ஏறினால் விஷயம் வேறு. தாடை முனைக்குக் கீழே, கழுத்தின் இரு புறமும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாடிகள் ஓடுகின்றன. இரண்டையும் அடைத்தால் பத்து விநாடிக்குள் பிரக்ஞை போய்விடும். அந்த நாடி கிளைக்குமிடத்தில் இரத்த அழுத்தத்தை அளந்து சொல்லும் ஒரு நுட்பமான பகுதியும் உண்டு. அதை அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டதென்று மூளை ஏமாந்து, இதயத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. தாறுமாறாய் ஓடும் இதயத்தை நிதானப்படுத்த டாக்டர்களே சில சமயம் இதைச் செய்வதுண்டு. ஆனால் ஒரு பக்கம் மட்டும், இதயத்தின் ஓட்டத்தைக் கருவியில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். நாடியில் அடைப்பு உள்ளவர்களைத் தொடமாட்டார்கள். அங்கே படிந்திருப்பது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் அல்லவா வரும்? 2020-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவர், கழுத்தின்மேல் போலீஸ்காரர் வைத்த முழங்காலின் கீழ் உயிரிழந்ததை உலகமே கண்டது. அதன் பிறகு அங்கே பல நகரங்களில் கழுத்துப் பிடிகளைத் தடை செய்தார்கள்.

கதையில் வரும் அந்தச் சுகமான நீண்ட உறக்கந்தான் எல்லாவற்றிலும் பெரிய புளுகு. சாதாரண மயக்கம் விழுந்தவனைத் தரையில் கிடத்தினால், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் கண் விழித்துவிடுவான். விழிக்கவில்லையென்றால் அது உறக்கமன்று, ஆபத்து. வீட்டிலோ பள்ளியிலோ ஒரு குழந்தை இப்படி விழுந்தால், தூக்கி உட்கார வைக்க வேண்டாம்; வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். கழுத்தைப் பிடித்து விளையாடினார்களா என்று உடனிருந்த பிள்ளைகளை அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் உண்மை வராது. ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டால் 108-க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.