கால் எரிச்சலுக்கு வலிப்பு மாத்திரை ஏன்?

ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்துக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கால் எரிச்சலோடு போகும் சர்க்கரை நோயாளிக்குச் சீட்டில் கேபாபென்டின் அல்லது ப்ரீகாபலின் எழுதப்படலாம். "இது வலிப்பு மாத்திரையாச்சே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும். இந்தப் பயம் வேண்டாதது. வலிப்பும் நரம்பு வலியும் வேறு நோய்கள். ஆனால் இரண்டிலும் நரம்பணுக்கள் தேவையில்லாமல் மின்துடிப்புகளை அனுப்பித் தள்ளுகின்றன. வலிப்பில் அது மூளையில் நடக்கிறது. சர்க்கரையால் கெட்ட நரம்போ, காலில் முள்ளோ புண்ணோ இல்லாதபோதும் தண்டுவடத்துக்கு வலிச்செய்தி அனுப்புகிறது. போர்வை பட்டாலே சிலருக்கு எரியும். இந்த மருந்துகள் நரம்பு முனையிலுள்ள கால்சியம் வாயிலின் ஒரு துணைப்பகுதியில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே வரும் கால்சியம் குறைகிறது. அடுத்த நரம்பைத் தூண்டும் வேதிப்பொருளும் குறைவாகவே வெளியாகிறது.

தூங்கவைத்து வலியை மறக்கடிக்கும் வேலைதானே இது? நியாயமான சந்தேகம், தூக்கமும் தலைசுற்றலும் வரத்தான் செய்யும். ஆனால் தூக்கம்தான் காரணமென்றால் எல்லா வலிக்கும் கேட்க வேண்டுமே! 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு ப்ரீகாபலின் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக உதவவில்லை. சர்க்கரை நரம்பு வலியிலோ, அதே ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வுப்படி, கேபாபென்டின் எடுத்த 100 பேரில் 38 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. போலி மாத்திரையில் 21 பேருக்கு. எல்லோருக்கும் கேட்காது என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. கெட்ட நரம்பை இது சரிசெய்வதுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை அப்படியே பாக்கி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எரிச்சல் அடங்கிவிட்டதென்று நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.